டார்ட்மூரில் நாற்பது அடி

லண்டனுக்கு நான் போனது இலை பார்க்க. தாவரங்களை அடையாளம் காண்பது பற்றிய மூன்று நாள் பயிலரங்கு ஒன்றுக்குக் கல்லூரியில் என்னை அனுப்பியிருந்தார்கள். இருபத்தெட்டு வருடமாகத் திருச்சியில் தாவரவியல் கற்பிக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. மூன்று நாளும் காய்ந்த இலைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான்காம் நாள் தெற்கு லண்டனில் நோர்பரியில் இருக்கும் என் தங்கை பானுவின் வீட்டுக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

பானு மருத்துவமனையில் தாதி. படிக்க வந்தவள், இங்கேயே நேசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நேசன் கிளிநொச்சிப் பக்கத்துக்காரர், அகதியாக வந்தவர், இப்போது எலக்ட்ரீஷியன். சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவரும் நானும் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. அவர்களுக்கு ஒரே மகள், இனியா, பத்து வயது. அவள் பேசுவது ஆங்கிலம். என்னைக் கூப்பிடும்போது மட்டும் "பெரியம்மா".

மே மாதக் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. தென்மேற்கே, டெவன் பக்கம், டார்ட்மூருக்குப் போகலாம் என்று பானு ஏற்பாடு செய்திருந்தாள். மூர் என்றால் மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. மரமற்ற மேட்டுநிலம், புல்லும் புதரும் பாறையும் சதுப்புமாகக் கண்ணுக்கு எட்டிய வரை விரிந்து கிடக்கும். அந்தச் சதுப்பில் பூச்சி பிடிக்கும் செடி வளரும் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டாவது தடவை கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

"அப்பா வரமாட்டார்" என்றாள் இனியா, என் காதில். "வந்தாலும் நடக்கமாட்டார். அவருக்கு நடக்கவே பிடிக்காது. என் வகுப்பில் எல்லாருடைய அப்பாவும் மலை ஏறுகிறார்கள்."

ஆனால் நேசன்தான் வண்டி ஓட்டினார்.

ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். எட்டு மணி நேரம் ஆனது. வழியில் சாலைக்குப் பக்கத்தில் புகழ்பெற்ற பழங்காலக் கல்வட்டம் ஒன்று நிற்கிறது. அதைக் காரிலிருந்தபடியே பார்த்துவிடலாம் என்று ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைக்க, பின்னால் மைல் கணக்கில் வரிசை. நாங்களும் குறைத்தோம். பின்சீட்டில் பானு கட்டிக் கொடுத்த புளிச்சோறும், நேசன் முதல் நாளே வாங்கி வைத்திருந்த பாணும், அதாவது பிரெட்டும், கல்வட்டத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயின; அதற்குத் தொட்டுக்கொள்ள வாங்கிய, வெங்காயம் வதக்கிய சீனிச்சம்பல் மட்டும் பாதி மிஞ்சியது.

டெவனுக்குள் நுழைந்ததும் சாலைகள் சுருங்கிவிட்டன. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்வரப்பு. அதன்மேல் அடர்ந்த வேலி. நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். ஒரு வளைவில் எதிரே டிராக்டர் வந்து நின்றது. அது பின்வாங்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நேசன் கண்ணாடிகளைப் பார்த்தபடி, அரை மைல் தூரம், வேலியில் ஒரு இலைகூட உரசாமல் வேனைப் பின்னோக்கி ஓட்டினார். டிராக்டர் எங்களைத் தாண்டும்போது அந்த விவசாயி குனிந்து, "லண்டன்காரர்களுக்கு முன்னோக்கி மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்று நினைத்திருந்தேன்" என்றார். நேசன் சிரித்ததை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு கருங்கல் வீடு. வீட்டுக்காரப் பாட்டி மேசைமேல் பாலும் ஆறு முட்டையும், "மழை வரும், நம்புங்கள்" என்று எழுதிய சீட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் ஆற்றங்கரை நடை. டார்ட் ஆற்றின் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடுகிறது. அழுக்கில்லை, மேட்டுநிலத்துச் சதுப்பின் சாயம். கரையோரம் ஓக் மரங்கள், பாறைகளின் மேலெல்லாம் ஈரப் பாசி. பிள்ளைகள், நாய்கள், தாத்தாக்கள், முதுகில் குழந்தையைக் கட்டிய அப்பாக்கள் என்று குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். லண்டன் ரயிலில் தோள் இடித்துக்கொண்டு நின்றாலும் முகம் பார்க்காத அதே மக்கள்! ஊருக்கு வெளியே வந்தால் மனிதர்களுக்கு மனிதர்கள் தேவைப்படுகிறார்கள் போலிருக்கிறது.

ஓரிடத்தில் ஆற்றைக் கடக்கப் பெரிய கற்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் நாலு காலில் தவழாத குறையாகக் கடந்தேன். நேசன் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறுகிறவர் மாதிரி சாதாரணமாக வந்தார். அக்கரையில் புல்வெளி. எல்லோரும் விரிப்பைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் மட்டும் பாதையோரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இங்க வாங்க தம்பி, மெத்தை மாதிரி இருக்கு" என்றேன்.

"இல்லை அக்கா, இது வசதியாக் கிடக்கு."

"பேன்ட் அழுக்காயிடுமோ?" என்றேன் நான். இனியா சிரித்தாள். பானு சிரிக்கவில்லை.

காய்கறி வைத்த பேஸ்டி என்று ஒன்றை வழியில் வாங்கியிருந்தோம். நம் ஊர் சோமாசியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, உள்ளே இனிப்புக்குப் பதில் உருளைக்கிழங்கு வைத்தால் அதுதான். கடைக்காரர் தாராளமாக ஒரு கத்தைக் காகித நாப்கினும் கொடுத்திருந்தார். நேசன் தன் பேஸ்டிக்குள் மிச்சச் சம்பலை வைத்துத் தின்றார். இந்த நாட்டுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு பாறைக்குன்று. மூரின் உச்சிகளில் கருங்கற்கள் அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன; டோர் என்கிறார்கள். உச்சிப்பிள்ளையாரைத் தினமும் பார்க்கிற திருச்சிக்காரிக்குப் பாறை புதிதில்லை. சரிவெல்லாம் முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பூவை முகர்ந்து பார்த்துத் திகைத்துப்போனேன். அப்படியே தேங்காய் வாசனை! இனியாவும் நானும் புல்சரிவில் நேராக ஏறினோம். பானு பின்னால் வந்தாள். நேசன் கார் நிறுத்துமிடத்துச் சரளைக்கல்லிலேயே நின்றுவிட்டார். உச்சியிலிருந்து பார்த்தால் வேனுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இனியா கையை ஆட்டினாள். புள்ளியும் ஆட்டியது.

"பார்த்தீர்களா?" என்றாள் அவள். "எப்போதும் இப்படித்தான்."

அன்று மாலை தேநீர்க்கடையில் ஸ்கோன் என்னும் பன் சாப்பிட்டோம். அதில் முதலில் கிரீம் தடவ வேண்டும், பிறகுதான் ஜாம் என்று பரிமாறிய பெண் கண்டிப்பாகச் சொன்னாள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் மாற்றித் தடவுகிறார்களாம். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் தாழ்ந்தது. நல்ல மனநிலையில் இருந்தோம். அதைக் கெடுத்தது நான்தான்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கினேன். அப்படித் தொடங்குகிற எந்தப் பேச்சும் உருப்பட்டதில்லை. "பிள்ளை உங்களைப் பாத்துத்தான் வளருது. நாளைக்காவது எங்களோட நடங்க. பொம்பளைங்க நாங்களே ஏறுறோம்."

மேசைக்கு அடியில் பானு என் காலை மிதித்தாள். நேசன் கிரீமை ஜாமுக்கு மேலே தடவிக்கொண்டிருந்தார்.

"வாறன் அக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பானு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அவர் சோம்பேறின்னு நினைக்கிறியா?"

"பின்ன என்னடி? சொல்லேன்."

"அது அவர் கதை. நான் சொல்லக்கூடாது." அவ்வளவுதான் சொன்னாள்.

நான்காம் நாள் உயர்ந்த மூருக்குப் போனோம். என் விருப்பம்தான். பூச்சி பிடிக்கும் செடி அங்கேதான் இருக்கும் என்று பயிலரங்கில் ஒருவர் சொல்லியிருந்தார். வேனை நிறுத்திய இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. இனியா உரக்கப் படித்தாள். இந்தப் பகுதியில் இராணுவம் சுடும் பயிற்சி செய்வதுண்டு; சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே வராதீர்கள்; தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள், அது வெடித்து உங்களைக் கொல்லலாம்.

கொடிக்கம்பம் வெறுமையாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் குழந்தையோடு போய்க்கொண்டிருந்தது.

நேசன் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். "வேற இடத்துக்குப் போவம்" என்றார்.

"கொடி இல்லையே தம்பி."

"பலகையில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுக் கேட்டனீங்கள்தானே?"

"கேட்டேன். தொடாதேன்னுதான் போட்டிருக்கு. நடக்காதேன்னு போடலையே" என்றேன்.

இனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். "சரி, வாறன்" என்றார். "ஆனால் ஒருத்தரும் பாதையை விட்டு இறங்கக்கூடாது. அக்கா, நீங்களும்தான்."

"இறங்கலை" என்றேன். வகுப்பில் பிள்ளைகள் தலையாட்டுவது போலத்தான் சொன்னேன்.

பாதை அகலமான சரளைப் பாதை. இரண்டு பக்கமும் வெளிறிய புல் அலையடித்தது. தலைக்கு மேலே ஏதோ பறவை நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் வானம்தான் தெரிந்தது. மேமாதத் திருச்சியில் இந்நேரம் தார் உருகும். இங்கே நான் பானுவின் கம்பளிச் சட்டையையும் அவர்கள் வீட்டில் சப்பாத்து என்று சொல்லும் அவளுடைய நடை ஷூவையும் போட்டுக்கொண்டு நடுங்கினேன். நேசன் பாதையின் சரிநடுவில் நடந்தார், வேனிலிருந்து எடுத்து வந்த ஊன்றுகோலோடும் தோளில் சாப்பாட்டுப் பையோடும். அப்பா கூட வருவதில் இனியாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவரிடம் ஏதேதோ பேசிக்கொண்டே போனாள்.

அப்போது சதுப்பைப் பார்த்தேன். பாதையிலிருந்து நாற்பது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். பச்சையும் சிவப்புமான பாசி மெத்தை. அதன்மேல் காசுகளைச் சிதறினாற்போல் சின்னச் சின்னச் சிவப்பு இலைகள். நான் தேடி வந்த பூச்சி பிடிக்கும் செடி, டிரோசெராதான், சந்தேகமில்லை. நம் ஊர்ப் பக்கம் ஈரமணலில் முளைக்கும் அதன் உறவுக்காரச் செடியைக் கண்டிருக்கிறேன். வட்ட இலை உள்ள இந்த வகையைப் படத்தில் காட்டித்தான் இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். மற்ற மூவரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம்தானே என்று இறங்கினேன்.

முப்பத்தெட்டு அடி வரை தரை உறுதியாக இருந்தது. பிறகு கொஞ்சம் ஆடியது. அடுத்த அடியில் வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இடது காலால் உந்தினேன், அதுவும் போனது. ஐஸ்தண்ணீர். காலை இழுக்க இழுக்க உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. அலறிவிட்டேன்.

"அக்கா! நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

அப்படியொரு குரல் நேசனிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூர் முழுவதும் கேட்டிருக்கும். பானு என்னை நோக்கிப் பாய்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ பிள்ளையைப் பிடி. ஒருத்தரும் இதில கால் வைக்கக்கூடாது."

பிறகு பாதையின் ஓரத்தில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு போய்க்கொண்டிருந்தது. தூரத்துப் பாறைகள் மேகத்துக்குள் மறைந்துகொண்டிருந்தன.

"என்ன தம்பி, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? வாங்களேன்!" என்று கத்தினேன்.

இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கஷ்டமான வாக்கியம் அதுதான்.

நேசன் மண்டியிட்டார். ஊன்றுகோலைச் சாய்வாகப் பிடித்துத் தனக்கு முன்னால் தரையில் மெல்லச் செருகினார். எடுத்தார். நாலு விரல் தள்ளி மறுபடி செருகினார். இடமிருந்து வலமாக ஒரு வரிசை. அந்த வரிசை முடிந்ததும் பையிலிருந்த பேஸ்டிக் கடை நாப்கின்களில் இரண்டை எடுத்து, இரண்டு பக்கமும் புல்லில் செருகினார். ஒரு முழங்கால் முன்னே வைத்தார். அடுத்த வரிசை. சதுப்புக்கு இவ்வளவு தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் சதுப்பைத் தேடவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. அந்தக் குளிரில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"அக்கா, என்னைப் பாருங்கோ. கீழ பார்க்காதேங்கோ. என்னத்தைப் பார்க்கப் போனனீங்கள்?"

"செடி... டிரோசெரா..."

"அது என்ன செய்யும்?"

"பூச்சி பிடிக்கும்."

"எப்பிடிப் பிடிக்கும்? எனக்குப் படிப்பியுங்கோ."

பல் கிடுகிடுக்கப் பாடம் நடத்தினேன். இலையில் முடி முடியாக இருக்கும், ஒவ்வொரு முடி நுனியிலும் பனித்துளி மாதிரிப் பசை இருக்கும், பூச்சி தேன் என்று நினைத்து வந்து உட்காரும். "அப்புறம் ஒட்டிக்கும். துடிக்கத் துடிக்க இன்னும் நல்லா ஒட்டிக்கும்."

"அப்ப நீங்கள் துடியாதேங்கோ" என்றார்.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர் நிறுத்தாமல் கேள்வி கேட்டுக்கொண்டே, இரண்டிரண்டு வெள்ளைக் காகிதமாக நட்டுக்கொண்டு வந்தார். நாற்பது அடியைக் கடக்க இருபது நிமிடம் ஆனது என்று பானு பிறகு சொன்னாள். அருகில் வந்ததும் சாப்பாட்டு விரிப்பை எனக்குப் பின்னால் விரித்து, கட்டிலில் சாய்வதுபோல் மல்லாக்கச் சாயச் சொன்னார். சாய்ந்ததும் பிடி தளர்ந்தது. என் அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தார். வலது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. குழிக்குள் கையை விடப் போனேன்.

"விடுங்கோ அக்கா. சப்பாத்துதானே."

திரும்பும்போது நான் முன்னால், அவர் பின்னால். "வெள்ளைக்கு நடுவில மட்டும் காலை வையுங்கோ." வைத்தேன். அவர் ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றுகூட விடவில்லை. பாதைக்கு வந்ததும் என்னைப் பானுவிடம் ஒப்படைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வாந்தியெடுத்தார். இனியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய் அவர் முதுகைத் தடவினாள்.

நாயோடு வந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்து நின்றார்கள். அந்த அம்மாள் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி என் கையில் திணித்தார். பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கணவர் சதுப்பை எட்டிப் பார்த்து, "என் மாமியாரைக்கூட ஒருமுறை பிடித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டது" என்றார். அந்த அம்மாள் முறைத்தார். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வேன்வரை நடந்தேன்.

வெந்நீரில் குளித்துவிட்டு வந்தபோது மாலை வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. வீட்டுக்காரப் பாட்டி நம்பச் சொன்ன மழை பெய்து ஓய்ந்திருந்தது. பானு இஞ்சித் தேநீர் போட்டு வைத்திருந்தாள்.

"அப்பா, அது என்ன செய்தீர்கள்? அந்தக் குச்சியால்?" என்று இனியா கேட்டாள்.

நேசன் பானுவைப் பார்த்தார். அவள் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சண்டை முடிஞ்சாப்பிறகு" என்று தொடங்கினார், "எங்கட இடமெல்லாம் கண்ணிவெடி கிடந்தது. சனம் திரும்பி வந்து வீடு கட்டவேணும், வயல் செய்யவேணும். அதை எடுக்கிறதுக்கு ஆள் சேர்த்தவை. நானும் போய்ச் சேர்ந்தன். ரெண்டு வருசம்."

இனியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முழங்காலில இருந்துதான் வேலை. ஒரு நாள் முழுக்க இருந்தால் இவ்வளவு துப்பரவாகும்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு பாய் அளவு. "பக்கத்து வரிசையில ரவி எண்டொரு பெடியன். என்ர கூட்டாளி. ஒருநாள் மத்தியானம், முடிச்ச இடத்தால நடந்து வந்தவன். ஒண்டை விட்டிட்டம். ஆர் விட்டதெண்டு தெரியாது. அவனோ, நானோ. அவனுக்கு ஒரு கால் போயிட்டுது."

"இறந்துவிட்டாரா?" என்று இனியா மெல்லக் கேட்டாள்.

"இல்லையம்மா. வவுனியாவில கடை வைச்சிருக்கிறான். ரெண்டு பிள்ளையள். செயற்கைக் காலோட வயல்வழிய திரியிறான்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு. றோட்டில நடப்பன். கல்லில நடப்பன். புல்லைக் கண்டால் கால் எழும்பாது. இஞ்ச ஒண்டுமில்லையெண்டு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது."

"எத்தனை வெடி எடுத்தீர்கள் அப்பா?"

"அதை எண்ணுறேல்லை. எடுக்காமல் விட்டதைத்தான் நினைக்கிறது."

இனியா எழுந்து போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். பத்து வயதுக்கு அவள் கொஞ்சம் பெரிய பிள்ளை. அவர் முகம் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க தம்பி" என்றேன். "பன்னிரண்டு வருஷமா ஒரு வார்த்தை கேட்கலை."

"கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டன் அக்கா" என்றார் அவள் தோளுக்கு மேலாக. "சும்மா விடுங்கோ."

ஐந்தாம் நாள் காலை வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துவிட்டுக் கிளம்பினோம். லண்டன் சாலைக்குத் திரும்புவதற்கு முன்னால், ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நேசன் வேனை நிறுத்தினார். கேட்டுக்கு அப்பால் பொதுப் புல்வெளி; ஆடுகளும் மூர் குதிரைகளும் மேய்ந்து ஒட்ட வெட்டியது போல் கிடந்தது. சரிவின் அடியில் ஆறு. வரைபடத்தில் பாதை உண்டு, தரையில் இல்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

"பத்து நிமிசம் நிண்டிட்டுப் போவம்" என்றார்.

கேட்டைத் திறந்தவர் உள்ளே போகவில்லை. நாங்களும் போகவில்லை. இனியாதான் முதலில் வாய் திறந்தாள். அதுவும் தமிழில். "அப்பா, நான் முன்னுக்குப் போறன். நீங்க நான் கால் வைக்கிற இடத்தில வையுங்கோ."

"இல்லை" என்றார் உடனே. "நான்தான் முன்னுக்கு. நீ என்ர பின்னால வா."

போனார். முதல் பத்து அடி ஊன்றுகோலால் குத்திக் குத்தித்தான் போனார். நாங்கள் மூவரும் அவர் காலடியில் காலடி வைத்து வரிசையாகப் போனோம். எதிரே ஓடிவந்த ஒருவர் எங்களைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்து வணக்கம் சொன்னார். சொன்னோம். பாதித் தூரத்தில் குத்துவது நின்றது. கழுத்து மட்டும் விறைத்தே இருந்தது. கண் தரையை விட்டு எழவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து, கூழாங்கல்லில் கால் பட்டதும் பெரிதாக மூச்சு விட்டார்.

இனியா ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தாள்.

"ஒரு காணியை முடிச்சுச் சனத்திட்டைக் குடுக்கிற அண்டைக்கு" என்றார் திடீரென்று, "எடுத்த நாங்கள் எல்லாரும் அதுக்குள்ள நடந்து காட்டவேணும். அப்பதான் சனம் நம்பும். ரவிக்கு அப்பிடி ஆனாப்பிறகு நான் ஒருக்காலும் அந்த நடைக்குப் போகேல்லை. அண்டைக்கு மட்டும் லீவு கேட்டிடுவன்."

பானு அவரைத் திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்ப இதுதான் முதல் தரமா?" என்றாள் இனியா.

"ஓம்."

கிளம்ப வேண்டிய நேரம். நான் பழக்கத்தில் வந்த தடத்திலேயே திரும்பப் போனேன். நேசன் தடுத்தார். "ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் வேண்டாம் அக்கா. ஆளுக்கொரு பக்கத்தால போங்கோ. அந்த நடை அப்பிடித்தான்."

பிரிந்து நடந்தோம். எனக்கு வாய்த்தது நெருஞ்சி போன்ற முட்செடிகள் நிறைந்த பக்கம். பெயர் பார்க்கக் குனியாமல் நடந்தேன். பானு ஆற்றோரமாகச் சுற்றிப் போனாள். இனியா நேராக மேட்டில் ஓடினாள். நேசன் எல்லோருக்கும் பின்னால் வந்தார். நடுவழியில் ஒரு குதிரைக்குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும், தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாலு அடி, ஐந்து அடி. பிறகு இனியா "அப்பா!" என்று கத்தினாள்.

அவருடைய இடது கால் கணுக்கால் வரை புதுச் சாணத்துக்குள் இருந்தது.

இனியா சிரித்த சிரிப்பில் குட்டி மிரண்டு தாயின் மறுபக்கம் ஓடியது. பானு ஆற்றோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நேசன் ஒற்றைக்காலில் நின்று சப்பாத்தைப் புல்லில் தேய்த்தார். இந்தப் பக்கம் தேய்த்தார், அந்தப் பக்கம் தேய்த்தார். நிமிர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கேல்லை" என்றார்.